பட்டறைக் கானும் என் கையெழுத்தும்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப்போனவை. ஆறும் இன்று தத்தம் காலில் நிற்கின்றன. யாரிடமும் போய்க் கை நீட்டி வளர்க்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். புசல்லாவைக்கு மேலே இருந்த தோட்டத்தில் ஒரே அறைதான் பள்ளிக்கூடம். அங்கே எழுத்துக் கூட்டப் படித்தேன், என் பெயரை எழுதப் படித்தேன். அதற்குள் தம்பி தங்கைகளைத் தூக்க என் இடுப்பும், பிறகு கொழுந்துக் கூடையைத் தூக்க என் தலையும் தேவைப்பட்டுவிட்டன. ஆனால் ஒன்று. இத்தனை வயதுவரை நான் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. தோட்டத்து ஆபீசில், ஆஸ்பத்திரியில், அடையாள அட்டைக்குப் போன இடத்தில், எங்கே மைப்பெட்டியை நீட்டினாலும் தள்ளிவிட்டுப் பேனையைக் கேட்பேன். என் பெயரில் ஏழு எழுத்து. ஏழையும் முழுசாக, கோணாமல் எழுதுவேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இதைப் பேத்தியின் பழைய கொப்பியில், மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரி, கை வலிக்காவிட்டால் ஐந்து. எழுத்தை அவள் திருத்துவாள். சொல்லைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது பிலிமத்தலாவையில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே இறங்கும் பாதையில், பஸ்ஸுக்குப் பொடி, தகரக் கூடு, கட்டும் பட்டறைக்குக் கீழே. பழைய பஸ்களை அங்கே கொண்டுவந்து, தகரத்தை உரித்து, துருவைச் சுரண்டி, புதுத் தகரம் அடித்து, பெயின்ட் பூசி அனுப்புவார்கள். வேலை முக்கால்வாசி வெட்டவெளியில்தான் நடக்கும். முற்றம் ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவு இருக்கும், முழுவதும் சரிவு. துருத்தூள், பெயின்ட் சுரண்டிய தூள், சிந்தின ஒயில், தின்னர், எல்லாம் அந்த முற்றத்தில் கிடக்கும். வெயில் நாளில் அது யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. மழை வந்தால்தான் வினை. மழைக்கு நல்லது கெட்டது தெரியாது. கீழே எது கிடக்கிறதோ அதைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

போகும் இடம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் எல. ஓடையைத்தான் சொல்கிறேன். சிங்களத்தில் எல என்பார்கள், இந்தப் பக்கத்தில் நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அது இறங்கி இறங்கிப் போய் மகாவலியில் சேரும். அதன் ஓரத்துச் சேற்றில்தான் என் கடைசி மகள் கங்குன் கீரை போட்டிருந்தாள். அவள் புருஷன் அதே பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர். புருஷனுக்குப் பட்டறை, பெண்டாட்டிக்கு எல. இரண்டும் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

நான் அந்தப் பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனேன். போய்ச் சேர்ந்த காலத்தில் கண்டியிலிருந்து அதிகாரிகள் வந்து, முற்றத்துத் தண்ணீரை அப்படியே எலக்கு விடக் கூடாது, குழி கட்டு என்று முதலாளிக்கு உத்தரவு போட்டார்கள். அவரும் முற்றத்தின் கீழ்க்கரையில் மூன்று அறை வைத்துக் குழி கட்டினார். முதல் அறையில் மண்ணும் தூளும் அடியில் தங்கும். இரண்டாவதில் ஒயில் மேலே மிதக்கும், அதைச் சாக்கில் ஒற்றி எடுக்க வேண்டும். மூன்றாவதிலிருந்து தெளிந்த தண்ணீர் எலக்குப் போகும். முற்றத்துக் கான், தண்ணீர் ஓடும் வாய்க்கால், குழிக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரியும், ஒன்று குழிக்கு, ஒன்று நேரே எலக்கு. எலக்குப் போகும் வாயில் ஒரு பலகை. பலகையை இறக்கினால் தண்ணீர் குழிக்குத் திரும்பும். தூக்கினால் நேரே எலக்குப் போகும்.

கேட்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். இல்லை. மழை தொடங்கும் முன்னே பலகை இறங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் முதல் தண்ணீர்தான் விஷம். முற்றம் கழுவுப்பட்ட பிறகு பலகையைத் தூக்கிவிட வேண்டும். தூக்காவிட்டால் குழி நிரம்பிப் பொங்கி, அடியில் தங்கியிருந்த பழைய சேறெல்லாம் கிளம்பி வெளியே வந்துவிடும். இறக்கப் பிந்தினாலும் கெடுதல், தூக்கப் பிந்தினாலும் கெடுதல். குழி கட்டியவர்கள் பலகைக்கு ஆள் வைக்க மறந்துவிட்டார்கள். நான் பார்க்கிறேன் என்றேன். என் தகப்பன் தோட்டத்தில் கான் வெட்டினவர். தேயிலை மலையில் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே குழி விட்டு, மண்ணை நிறுத்தித் தண்ணீரை மட்டும் அனுப்புகிற வேலை. கான் தண்ணீர் எப்போது மண்ணோடு வரும், எப்போது தெளியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எப்போது தூக்குவது என்பதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். வீட்டிலிருந்து வெள்ளை எனாமல் தட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கானோரம் ஆணியில் மாட்டினேன். தட்டின் அடியில் ஒரு நீலப் பூ. மழை பெய்துகொண்டிருக்கும்போது கானில் ஒரு தட்டுத் தண்ணீர் மொண்டு பார்ப்பேன். பூ தெரியாவிட்டால் பலகை அப்படியே இருக்கட்டும். பூவின் இதழ் தனித்தனியாகத் தெரிந்தால் தூக்கலாம். முதலாளி ஒருமுறை குடையைப் பிடித்துக்கொண்டு நின்று இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு அதிகாரிகள் வந்தபோது அவரே தட்டை எடுத்து அவர்களுக்குக் காட்டினார். அத்தனை வருஷமும் மகளின் கங்குனில் ஒரு இலை கருகியதில்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

முதலாளி படுக்கையில் விழுந்தபின் பட்டறையை நடத்த ஒரு மேனேஜர் மாத்தயா வந்தார். வயது குறைவு, படித்தவர், சிங்களவர், மரியாதையானவர். என்னை அம்மே என்றுதான் கூப்பிடுவார். அவர் வந்த புதிதில் நான் காய்ச்சலில் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்தக் கிழமை பெய்த மழையில் பலகையைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை, குழி பொங்கிவிட்டது. நான் திரும்பி வந்தபோது மாத்தயா ஒரு சட்டம் வைத்திருந்தார். பலகை எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை மணிக்கு ஏறியது என்று தாளில் பதிய வேண்டும். எனக்குச் சிங்களம் எழுத வராது. ஆகவே அவர் போனில் சொல்லி அவரே பதிந்துகொள்வார், சொன்ன பிறகுதான் நான் பலகையைத் தொட வேண்டும். அதற்கென்று ஒரு சின்னப் போனும் தந்தார்.

“தட்டு வேணாமா மாத்தயா?” என்று கேட்டேன்.

“தட்டு இருக்கட்டும் அம்மே. ஆனா நான் சொல்லித்தான் செய்யணும். நீங்களா ஒண்ணும் செய்ய வேணாம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன். சிங்களம் எனக்குப் பேசத் தெரியும். காதால் கேட்டுப் படித்தது. சந்தையில் சண்டை பிடிக்கிற அளவுக்குப் போதும். போனில் அது சரியாக விழாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காது மந்தம் என்று சொல்லிவிடுவார்களோ என்று.

சித்திரை வருஷப்பிறப்புக்குக் கொஞ்ச நாள் முன்பு அது நடந்தது. இரண்டு மாதமாகச் சொட்டு மழை இல்லை. முற்றம் சாம்பல் பூத்த அடுப்பு மாதிரிக் கிடந்தது, கால் வைத்தால் பாதம் பதியும். லீவுக்கு முன்னே முடிக்க வேண்டுமென்று இரண்டு பஸ்ஸை ஒரேயடியாகச் சுரண்டியிருந்தார்கள். மாத்தயா கண்டிக்குப் போயிருந்தார். பின்னேரம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, இடி உருண்டது. நான் போனைப் பார்த்தேன். அடிக்கவில்லை. சட்டம் சட்டம்தான், ஆனால் இரண்டு மாதத்து அழுக்கு முற்றத்தில் கிடக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. பலகையை இறக்கிவிட்டேன். கேட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று.

இறக்கிக் கை துடைக்கவில்லை, போன் அடித்தது. அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். மாத்தயா ஒரு சொல்தான் கேட்டார். மூடுகிறீர்களா என்று என் காதில் விழுந்தது. எனக்குக் குற்றமுள்ள நெஞ்சு. சொல்லாமல் மூடியதைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று திடுக்கிட்டு, ஆனால் விட்டுக்கொடுக்காமல், ஆமாம் மாத்தயா, ஆமாம், என்று சத்தமாகச் சொன்னேன். நல்லது, அப்படியானால் ஒரு மணித்தியாலத்தில் திறந்துவிடுங்கள் என்றார். போனை வைத்துவிட்டார்.

எனக்கு அது விளங்கவில்லை. மழையே விழவில்லை, ஒரு மணித்தியாலத்தில் எதற்குத் திறக்க வேண்டும். திரும்ப எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சொல்லாமல் இறக்கியது முதல் தப்பு, இது இரண்டாவது. நீங்களா ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னவருக்கு, நான் எதற்கு மூளையைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. லீவு நாளில் குழியை வெறுமையாக வைக்கச் சொல்கிறாராக்கும் என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். காய்ந்த கானில் தட்டை எங்கே நீட்டிப் பார்ப்பது. தட்டு ஆணியிலேயே தொங்கியது. ஒரு மணித்தியாலம் கானோரம் குந்தியிருந்தேன். இடி மட்டும்தான். எழுந்து பலகையைத் தூக்கி, சுவரில் சாய்த்துவிட்டு, வேலை முடிந்ததென்று வீட்டுக்கு இறங்கினேன்.

பைப்படியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். தகரத்தில் கல் விழுவது மாதிரி மழை விழுந்தது.

அந்த ஏற்றத்தை நான் ஏறினதைப் போல இப்போது ஏறச் சொன்னால் செத்துவிடுவேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையாலும் காலாலும் ஏறினேன். காவல்காரர் கேட்டைத் திறந்து என்ன அம்மே என்று கேட்டார், நிற்காமல் கானுக்கு ஓடினேன். கானில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குச் சுருட்டிக்கொண்டு நேரே எலக்குப் போய்க்கொண்டிருந்தது. சுவரில் சாய்த்திருந்த பலகையை எடுத்தேன், இறக்கப் போனேன். அதற்கு முன் பழக்கத்தில் கை தட்டை எடுத்து மொண்டது.

பூ தெரிந்தது. இதழ் இதழாகத் தெரிந்தது.

முதல் தண்ணீர் போய்விட்டிருந்தது. இரண்டு மாதத்து அழுக்கும் நான் ஏறி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது வருவது நல்ல தண்ணீர். இதற்குப் பலகை எதற்கு. நான் பலகையை ஒரு கையிலும் தட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு மழையில் நின்றேன்.

கீழே வந்தபோது மகள் எலக்குள் இடுப்பளவு நின்று, கைக்கு அகப்பட்ட கங்குனைப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தாள். தண்ணீர் பால் விடாத தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது, ஓரத்தில் வானவில் வளைந்து வளைந்து போனது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, பலகை போடலையா?”

திட்டினாள் என்றால் தாங்கியிருப்பேன். அவள் சும்மா, உப்புப் போடவில்லையா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். நானும் இறங்கிப் பிடுங்கினேன்.

பிடுங்கியதும் பிரயோசனப்படவில்லை. மறுநாள் காலையில் பொடி மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. கங்குன் இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, பிறகு கருகியது. தோட்டம் முழுவதையும் அறுத்துக் குழி வெட்டிப் புதைத்தோம். வேறொரு ஓடையில் வாங்கிய நல்ல கீரையைக் கொண்டுபோனால்கூடச் சந்தையில் விஷயம் பரவியிருந்தது. பக்கத்தில் மரக்கறி விற்கிறவள் வாய்க்காரி. எல்லோருக்கும் கேட்க என் மகளிடம் கேட்டாளாம், “ஏன் தங்கச்சி, இந்தக் கீரைய வறுக்கிறதா, இல்ல பஸ்ஸுக்குப் பூசுறதா?” மகள் வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வருஷப்பிறப்பு லீவு முடிந்துதான் கண்டி அதிகாரிகள் வந்தார்கள். யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். போத்தலில் தண்ணீர் எடுத்தார்கள். அதற்குள் எல கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது பலகைக்குப் பொறுப்பான ஆளிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கி அனுப்பச் சொன்னார்கள்.

என்னைப் பட்டறை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரச் சொன்னார்கள். கிளாக்கர் சிங்களத்தில் கேட்டார், நான் சொன்னேன், அவர் எழுதினார். மாத்தயா போன் பண்ணியதை, ஒரு மணித்தியாலத்தில் திறக்கச் சொன்னதை, எல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். நான் பேசியது அதிகம், அவர் எழுதியது கொஞ்சமாக இருக்கிறதே என்று தோன்றியது. சிங்கள எழுத்து சுருக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்து, மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

நான் மைப்பெட்டியைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். பேனையைக் கேட்டேன். ஏழு எழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட்டேன். கிளாக்கர் புருவத்தைத் தூக்கி, அம்மேயின் எழுத்து வடிவாக இருக்கிறதே என்றார். நான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்குவதில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு பட்டறையிலிருந்து கடிதம் வந்தது. கூடவே அந்த வாக்குமூலத்தின் பிரதி. பாதை முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நானாவிடம் கொண்டுபோனேன். முஸ்லிம் ஆள், சிங்களம் நன்றாக வாசிப்பார், எங்கள் பக்கத்துக் கடிதமெல்லாம் அவர் கடையில்தான் திறக்கும். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

“ஆச்சி, இதில ஒருத்தரும் ஒண்டும் செல்லாம நீங்களாப் போய்ப் பலகையத் தொறந்தண்டு ஈக்குது. போன் கதையே இல்ல. இனி ஒங்களுக்குப் பட்டறையில வேல இல்லண்டு கடிதத்தில ஈக்குது.”

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

“வாசிச்சுக் காட்டினாங்களா?”

“இல்ல.”

“கைநாட்டு வெச்சீந்தா வாசிச்சுக் காட்டித்தான் ஆகணும். வாசிச்சுக் காட்டினண்டு கீழ எழுதவும் வேணும். நீங்க கையொப்பம் போட்டீக்கீங்க. வாசிச்சு வெளங்கித்தான் போட்டீங்கண்டுதான் அதுக்கு அர்த்தம்.”

ஒரு சோடா உடைத்துத் தந்தார், குடிக்கவில்லை. கைநாட்டு வைக்கிறவர்களை நான் வாழ்நாள் முழுக்கக் கீழாகத்தான் பார்த்தேன். அவர்களுக்கு யாராவது பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினார்கள். எனக்கு ஒருவரும் காட்டவில்லை, நான்தான் பேனையைக் கேட்டேனே.

அன்றே மாத்தயாவிடம் போனேன். போகும் வழியெல்லாம் சண்டைக்குச் சொல் சேர்த்துக்கொண்டு போனேன். ஒரு மணித்தியாலத்தில் திறக்கச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

“சொன்னேன் அம்மே. நான் மழை பெய்யுதான்னு கேட்டேன். நீங்க ஆமான்னு சொன்னீங்க. அதனாலதான் சொன்னேன்.”

அவர் போனில் கேட்ட சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

சிங்களத்தில் வஹினவா என்றால் மழை பெய்கிறது. வஹனவா என்றால் மூடுகிறது. நடுவில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். இந்த எழுத்தைக்கூடப் பேத்திதான் எழுதிக் காட்டினாள், எனக்கு ஹ போட வராது. வஹினவத என்று அவர் கண்டியில் கொட்டுகிற மழைக்குள் நின்று கேட்டிருக்கிறார். வஹனவத என்று நான் பலகைக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவருக்கு அங்கே மழை, எனக்கு இங்கே பலகை. அவரவர் கையில் இருந்ததை அவரவர் கேட்டோம். ஆமாம் என்று நான் சொன்னதும், முற்றம் கழுவுப்படத் தொடங்கிவிட்டது, ஒரு மணித்தியாலம் போதும் என்று அவர் நினைத்திருக்கிறார். நினைத்ததில் பிழையில்லை. சண்டைக்குச் சேர்த்துக்கொண்டு போன சொல் எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிட்டது. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போவது போல் ஒரு கொடுமை இல்லை.

அவருக்கும் அப்போதுதான் விளங்கியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதை எழுதித் தாருங்கள் மாத்தயா, நானாகத் திறக்கவில்லை என்று மட்டும் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

தாள் கண்டிக்குப் போய்விட்டது என்றார். தாளை எழுதியதும் தான் இல்லை, கிளாக்கர் பட்டறைக்கு வம்பு வராத மாதிரி எழுதியிருக்கிறார் என்றார். இப்போது மாற்றி எழுதினால், பலகையைப் போனில் நடத்துகிற இடமா இது என்று கேட்டு, சரிப்படுத்தும்வரை பட்டறையை மூடச் சொல்வார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மூடினா உங்க மருமகன் எங்க போவாரு அம்மே?”

மிரட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். மூட வேண்டும் என்று அவர் சொன்ன அந்தச் சொல்லும் வஹனவாதான். இந்தத் தடவை சரியாகக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் பேசினாள்.

“விடுங்கம்மா. தண்ணியும் போச்சு, பேப்பரும் போச்சு. அவர் வேலையும் போகணுமா?”

விட்டுவிட்டேன். விட்டேன் என்று சொல்கிறேன், ஆனால் பாருங்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பலகைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சாவி ஆபீசில். பக்கத்தில் அறிவித்தல் தொங்குகிறது, சிங்களத்திலும் இங்கிலீசிலும். மழை வரும்போது ஆபீசில் ஆள் இருந்தால் சாவி வரும், இல்லாவிட்டால் வராது. ஆள் வந்தாலும் தாளில் எழுதியிருக்கிற மணிக்கணக்குப்படி இறக்குகிறார், ஏற்றுகிறார். தூறலுக்கும் அதே கணக்கு, பேய்மழைக்கும் அதே கணக்கு. தட்டை மருமகன் கொண்டுவந்து தந்தார். ஆணியைப் பிடுங்கிவிட்டார்களாம்.

நான் அந்தத் தட்டோடு எலக்கரைக்குப் போகிறேன். முதல் மழை விழுந்ததும் போய் மொண்டு பார்க்கிறேன். சில நாள் பூ தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. தெரியாத நாளில், கான்ல பலகை போடலைன்னு போய்ச் சொல்லுங்க என்று மருமகனிடம் சொல்கிறேன். சொல்றேன் அத்தை என்பார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் போய்ச் சொல்லி அவர்கள் சாவி தேடி எடுப்பதற்குள் முதல் தண்ணீர் பேராதனைப் பக்கத்து ஆளுக்கோ கண்டிப் பக்கத்து ஆளுக்கோ போய்க்கொண்டிருக்கும். யாருக்குப் போகிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கீழே யாரோ இருக்கிறார்கள், அதுமட்டும் தெரியும். முன்னே என் கை பலகையில் இருந்தது. இப்போது தட்டில் இருக்கிறது. தட்டால் தண்ணீரைத் தடுக்க முடியாது, பார்க்கத்தான் முடியும்.

மகள் மறுபடி கங்குன் நட்டிருக்கிறாள், எலயில் இல்லை, வீட்டோரத்தில், பைப்புத் தண்ணீர் ஊற்றி. தண்டு முருங்கைக்குச்சி மாதிரி நிற்கிறது. கங்குனுக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். அவளுக்கும் அது தெரியும்.

ஆகவே என் வாக்குமூலம் இது. உத்தரவு வரும் முன்னே பலகையை இறக்கினேன், அது நான். ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டேன், கேட்டது சரியா என்று திருப்பிக் கேட்கவில்லை, அது நான். பூவைப் பார்க்காமல் பலகையைத் தூக்கினேன், அதுவும் நான். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒருவரும் சொல்லாமல் நானாகத் திறந்தேன் என்று எழுதியிருப்பது மட்டும் நான் இல்லை. அதன் கீழே இருக்கும் ஏழு எழுத்து என்னுடையது, மேலே இருப்பது என்னுடையதல்ல.

இதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. நானா சிங்களத்தில் எழுதித் தருகிறேன் என்கிறார். அனுப்பினால் மருமகனுக்கு வேலை போகும், அனுப்பாவிட்டால் அலுமாரியில் கிடக்கும். அனேகமாக அலுமாரியில்தான் கிடக்கும், அடையாள அட்டைக்குப் பக்கத்தில். ஆனாலும் கிடக்கிற தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்து, கொப்பியைக் கையில் எடுத்துவிட்டாள். கையெழுத்துப் போட்டாச்சா அம்மாயி என்று கேட்கிறாள்.

இன்னும் இல்லடி. நீ முதல்ல உட்காரு. மேல இருந்து ஒரு சொல்லும் விடாம, சத்தமா, மெதுவா வாசி. நான் கேட்கிறேன். கேட்டு முடிச்சுத்தான் பேனையைத் தொடுவேன்.